ஆழப் பள்ளமும் நிலத்தடி நீரும்: மோட்டார் போட்டு இறைத்தால் போதுமா?

சென்னையில் பெரிய கட்டடம் எழும்பும் இடத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு இருக்கும். உள்ளே பேஸ்மென்ட்டுக்காக எட்டுப் பத்து மீட்டர் தோண்டிக்கொண்டிருப்பார்கள். தடுப்புக்கு அடியில் நுழைந்து வரும் குழாய் ஒன்று மழைநீர் வடிகாலில் இரவும் பகலும் தண்ணீரைக் கொட்டும். பார்க்கிறவர்கள் இரண்டு விதமாகப் பேசிக்கொள்வார்கள். "ஊத்து வருது, மோட்டார் போட்டு எடுக்கறாங்க, அவ்வளவுதான்" என்பது ஒன்று. "நம்ம போர்வெல் தண்ணியெல்லாம் போகுது, வீடே இறங்கப்போகுது" என்பது இன்னொன்று.

முதல் பேச்சு விஷயத்தை மிக லேசாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதில் பாதி உண்மை உண்டு. எந்தப் பாதி என்பதில்தான் குழப்பம். இரண்டு பேச்சும் கண்ணுக்குத் தெரியும் தண்ணீரைப் பற்றியவை. பொறியாளரின் கவலையோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத நீரைப் பற்றியது. பள்ளத்துக்கு அடியிலும் பக்கத்திலும் மண்ணுக்குள் இருக்கிற அந்த நீர் எவ்வளவு அழுத்துகிறது, எந்தப் பக்கமாக நகர்கிறது என்பதே அவர் பார்ப்பது.

ஆற்று மணலில் ஊற்று தோண்டினால்

கோடையில் வறண்ட ஆற்றில் ஊற்று தோண்டியவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். மேலே ஈர மணல். கையால் பறித்தால் குழியின் சுவர் நேராக நிற்கும். கொஞ்சம் போனதும் தண்ணீர் தட்டும். அதற்கப்புறம் குழி ஆழமாவதில்லை, அகலம்தான் ஆகிறது. பக்கத்து மணல் கரைந்து உள்ளே சரிகிறது. அவசரப்பட்டுச் சொம்பால் மளமளவென்று இறைத்தால் சரிவு இன்னும் கூடுகிறது. அடியிலோ மணல் குமிழியிட்டு மேலே கிளம்புகிறது.

தண்ணீர் தட்டிய அந்த உயரம்தான் நிலத்தடி நீர்மட்டம். பூமிக்கு அடியில் ஏதோ ஏரியோ ஆறோ ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மண் துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகள் எல்லாம் நீரால் நிரம்பியிருக்கும் பகுதியின் மேல் எல்லை, அவ்வளவே. மழைக்காலத்தில் அது ஏறும், கோடையில் இறங்கும்.

நிரம்பிய மண்ணுக்குள் ஒரு பள்ளம் தோண்டினால் சுற்றியுள்ள நீர் அதை நோக்கி வரத் தொடங்குகிறது. வரும்போது மண்ணையும் தள்ளிக்கொண்டு வருகிறது. வேகமாக இறைத்தால் உள்ளே நீர்மட்டம் சட்டென்று தாழ்கிறது, வெளிக்கும் உள்ளுக்கும் உயர வித்தியாசம் கூடுகிறது, வரும் வேகமும் கூடுகிறது. ஊற்றில் மணல் குமிழியிட்டதற்கு இதுதான் காரணம்.

அழுத்தம் மண்ணை என்ன செய்கிறது

ஒரே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது. நீர்மட்டத்திலிருந்து ஒவ்வொரு மீட்டர் கீழே போகப்போக, சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் நீரின் அழுத்தம் கூடும். 5 மீட்டர் கீழே, 5 டன். இந்த அழுத்தம் கீழ்நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் அதே அளவுக்கு வேலை செய்யும்.

மண்ணின் பலம் எங்கிருந்து வருகிறது? துகள்கள் ஒன்றையொன்று இறுக்கி நிற்பதிலிருந்து. சந்துகளில் இருக்கும் நீரின் அழுத்தம் துகள்களை விலக்கப் பார்க்கிறது; அந்த அளவுக்கு இறுக்கம் குறைகிறது. சந்துகளில் உள்ள நீரின் இந்த அழுத்தத்துக்கு நுண்துளை நீரழுத்தம் என்று பெயர். மேலே உள்ள மொத்தப் பாரத்திலிருந்து இந்த அழுத்தத்தைக் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் துகள்கள் உண்மையில் தாங்கும் பாரம். 1920களில் ஆஸ்திரியப் பொறியாளர் கார்ல் டெர்சாகி இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார். மண் இயந்திரவியல் என்ற துறையே இந்தக் கழித்தல் கணக்கின் மேல் நிற்கிறது என்றால் மிகையில்லை.

நீர் கீழிருந்து மேலே ஏறும்போது நிலைமை மோசமாகிறது. நீருக்குள் மூழ்கிய மணலின் நிகர எடை கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன்தான். மேலேறும் நீரின் உந்துதல் அதைத் தொட்டுவிட்டால் மணல் எடையற்றதாகிவிடும். துகள்கள் மிதக்கும், ஆள் நின்றால் புதைவார். இதை மணல் கொதிப்பு என்பார்கள். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நீர் மண்ணின் பிடிப்பைக் குறைக்கிறது, ஓடும்போது மண்ணை இழுத்து வருகிறது, கீழிருந்து ஏறும்போது தரையையே பலமிழக்கச் செய்கிறது. பள்ளத்துக்குள் தேங்கியதை மட்டும் இறைத்தால் இந்த மூன்றில் ஒன்றும் தீராது. சில இடங்களில் மூன்றும் கூடும்.

தோண்டும் முன்பே இறக்குவது

பள்ளத்தின் ஒரு மூலையில் சிறு குழி எடுத்து, அங்கே வடிந்து சேரும் நீரை மோட்டாரால் வெளியேற்றுவதுதான் எல்லோரும் பார்த்திருக்கும் சம்ப் முறை. அது தவறான முறையல்ல. பாறையிலோ கெட்டியான மண்ணிலோ வெடிப்புகள் வழியாகக் கசியும் நீருக்கு அதுவே போதும். கடலோர மணலிலோ ஆற்றோர வண்டலிலோ அதையே நம்பினால், ஊற்றுக் குழியில் சொம்பால் இறைத்த கதைதான்.

அங்கே செய்ய வேண்டியது வேறு. பள்ளத்துக்கு வெளியே, சுற்றிலும் கிணறுகள் இறக்கி, அவற்றிலிருந்து தொடர்ந்து இறைத்து, தோண்டப்போகும் அடிமட்டத்துக்கும் கீழே நீர்மட்டத்தை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும். அப்புறம்தான் ஜேசிபி உள்ளே போக வேண்டும். சரியாகச் செய்திருந்தால் பள்ளத்துக்குள் தண்ணீரே தெரியாது. நீர் பள்ளத்தை நோக்கி வராமல் கிணறுகளை நோக்கிப் போகிறது. பள்ளத்தின் சரிவும் அடித்தரையும் காய்ந்து கெட்டியாக நிற்கின்றன. கட்டுமான இடங்களில் இதை டீவாட்டரிங் என்பார்கள். தேங்கியதை இறைப்பதையும் அதே பெயரால் சொல்வதால், ஒப்பந்தத்தில் "டீவாட்டரிங் உண்டு" என்று ஒரு வரி போட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

ஆழம் குறைவென்றால் வெல்பாயின்ட் முறை. முனையில் சல்லடை போன்ற துளைகள் உள்ள மெல்லிய குழாய்களை ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளியில் வரிசையாக மண்ணுக்குள் செருகி, மேலே எல்லாவற்றையும் ஒரு பெரிய குழாயில் இணைத்து, ஒரே பம்பால் உறிஞ்சுவார்கள். இதற்கு இயற்கையே வைத்த ஒரு வரம்பு உண்டு. உறிஞ்சி எடுப்பது என்றால் உண்மையில் காற்றழுத்தம்தான் நீரை மேலே தள்ளுகிறது. அதனால் கணக்குப்படி 10 மீட்டருக்கு மேல் தூக்கவே முடியாது. நடைமுறையில் ஒரு வரிசையால் 5, 6 மீட்டர்தான் இறக்க முடிகிறது. பெரிய பம்பு வாங்கினாலும் இது மாறாது. அதைவிட ஆழம் வேண்டுமென்றால் படிப்படியாகக் கீழே இன்னொரு வரிசை போட வேண்டும், அல்லது ஆழ்கிணறு எடுத்து உள்ளே நீர்மூழ்கி மோட்டாரை இறக்க வேண்டும். அது கீழிருந்து தள்ளுவதால் அந்த வரம்பு இல்லை.

கிணற்றைச் சுற்றி வடிகட்டி இருப்பது மோட்டாரின் குதிரைத்திறனைவிட முக்கியம் என்பேன். துளையிட்ட குழாயைச் சுற்றி வலை, அதைச் சுற்றி மண்ணின் துகள் அளவுக்குத் தக்கபடி தேர்ந்த பொடி ஜல்லி அல்லது பருமணல். நீர் வர வேண்டும், மண் வரக் கூடாது. இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். வெளியேறும் நீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் போதும். தொடங்கிய முதல் சில மணி நேரம் கலங்கலாக வருவது சகஜம். நாட்கணக்கில் அடியில் மணல் படிந்துகொண்டே இருந்தால், நீரோடு நிலமும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். எந்த வீட்டுக்கு அடியிலிருந்து போகிறது என்பது கொஞ்ச நாளில் தெரியும்.

இன்னொன்று, மின்வெட்டு. மணலில் மோட்டார் நின்றால் சில மணி நேரத்திலேயே நீர் பழைய மட்டத்தை நோக்கி ஏறும். அதனால் டீசல் ஜெனரேட்டரும் உபரி மோட்டாரும் ஆடம்பரமில்லை.

தண்ணீரே வராத மண்

எல்லா மண்ணும் நீரை ஒரே வேகத்தில் விடாது. நீரை எவ்வளவு எளிதாகக் கடக்க விடுகிறது என்பதே மண்ணின் ஊடுருவுதிறன். சுத்தமான மணலுக்கும் கெட்டிக் களிமண்ணுக்கும் இதில் லட்சம் மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருக்கும். களிமண்ணில் கிணறு வெட்டி மோட்டார் போட்டால் நாள் முழுக்க ஓடாது. நீர் வந்தால்தானே இறைக்க.

இதைப் பார்த்து "நல்ல மண்ணு, ஊத்தே இல்லை" என்று நிம்மதி அடைவதுதான் பெரிய பொறி. களிமண்ணுக்கு அடியில் நீர் நிறைந்த மணல் படுகை இருந்தால்? ஒரு உதாரணக் கணக்கு. தரையிலிருந்து 10 மீட்டர் வரை களிமண், அதற்குக் கீழே மணல். அந்த மணல் வரை குழாய் இறக்கினால் நீர் ஏறிவந்து தரைக்கு 2 மீட்டர் கீழே நிற்கிறது. அப்படியென்றால் களிமண்ணின் அடிப்பாகத்தை 8 மீட்டர் உயர நீர், அதாவது சதுர மீட்டருக்கு 8 டன், மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. 5 மீட்டர் தோண்டினால் மிச்சம் 5 மீட்டர் களிமண். கன மீட்டருக்கு 1.9 டன் என்றால் எடை 9.5 டன். தாங்கும். 7 மீட்டர் தோண்டினால் மிச்சம் 3 மீட்டர், எடை 5.7 டன். 8 டன்னை எப்படி அமுக்கும்? பள்ளத்தின் தரை உப்பி, வெடித்து, நீரும் மணலும் பீறிடும். அதற்கு முந்தைய நாள் வரை பள்ளம் காய்ந்தே இருந்திருக்கும்.

இதற்கு மருந்து, களிமண்ணைத் துளைத்து அடி மணல் வரை அழுத்தத் தணிப்புக் கிணறுகள் இறக்குவது. கொஞ்சம் நீரை வெளியே விட்டாலே அடியிலுள்ள அழுத்தம் இறங்கிவிடும். எப்போது, எவ்வளவு இறங்கியது என்பதை அளக்கப் பைசோமீட்டர் வைப்பார்கள். எளிய வடிவில் அது அந்தப் படுகை வரை போகும் ஒரு குழாய்தான், உள்ளே நீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தால் அழுத்தம் தெரிந்துவிடும். மண் பரிசோதனையில் செலவைக் குறைக்க, தோண்டும் ஆழத்தோடு துளையை நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான் கழுத்தை அறுக்கும். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேலே தோண்டக் கூடாது.

சுருக்கமாக: மணலில் ஆபத்து நீரோடு கண்ணுக்குத் தெரிந்தே வருகிறது. களிமண்ணில் சத்தமில்லாமல் அடியில் காத்திருக்கிறது.

பக்கத்து வீடு இறங்குமா?

வெளியே நீர்மட்டத்தை இறக்கும்போது பக்கத்து மனைக்கு அடியிலும் அது இறங்கும். கிணற்றருகே அதிகமாகவும், தூரம் போகப்போகக் குறைவாகவும். நீரழுத்தம் குறைந்த அளவுக்குத் துகள்கள் தாங்கும் பாரம் கூடுகிறது என்று முன்பே பார்த்தோம். 3 மீட்டர் இறக்கினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 டன் கூடுதல் பாரம். அந்தப் பகுதி முழுவதும் புதிதாக இரண்டு மூன்று மாடி ஏற்றி வைத்ததற்குச் சமம்.

அப்படியானால் சென்னையில் பாதி வீடுகள் விழுந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். விழாததற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் இங்கே நீர்மட்டம் தானாகவே பல மீட்டர் இறங்குகிறது. 2019 போன்ற வறட்சி ஆண்டில் இன்னும் இறங்கியது. அந்தப் பாரத்தை மண் முன்பே சுமந்து, இறுகவேண்டிய அளவுக்கு இறுகிவிட்டது. அந்த வரம்புக்குள் இறைத்தால் புதிதாக நடப்பது குறைவு. மணல் அதிகம் அமுங்காது என்பதும் உதவுகிறது. பயப்பட வேண்டியவை இரண்டு: இதுவரை இறங்காத ஆழத்துக்கு நீர்மட்டம் இறங்குவது, அதுவும் மென்மையான களிமண் உள்ள இடத்தில், இன்னொன்று, வடிகட்டி சரியில்லாமல் மண்ணே வெளியேறுவது. விரிசல் வந்த வீடுகளைப் பற்றிய பேச்சில் இந்த இரண்டையும் யாரும் பிரித்துப் பேசுவதில்லை.

போர்வெல் வற்றுவது தனிக் கதை. ஆழம் குறைந்த போர்வெல்லும் கிணறும் சில மாதம் இறங்கலாம். இறைப்பு நின்றால் பெரும்பாலும் மீளும். கடலோரத்தில் உப்புநீர் உள்ளே வந்துவிட்டால் அவ்வளவு சுலபமாக மீளாது. நாம் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டே, நல்ல நீரை வடிகாலில் விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு எரிச்சல். பள்ளத்திலிருந்து தள்ளி மீள்செறிவுக் கிணறு எடுத்து அந்த நீரைத் திரும்ப மண்ணுக்குள் விடலாம். பக்கத்து வீட்டுக்கு அடியில் நீர்மட்டம் இறங்காமல் தாங்கிப்பிடிக்கவும் அது உதவும்.

மறித்துக் கட்டுவது

இறைக்கவே கூடாத இடங்களும் உண்டு. பெர்லின் நகரின் நடுப்பகுதியில் நிலத்தடி நீர் தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டரிலேயே கிடக்கிறது. அங்கே அருங்காட்சியகத் தீவில் உள்ள பழைய கட்டடங்கள் மரத்தூண்கள் மேல் நிற்கின்றன. மரம் நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை நூற்றாண்டுகள் தாங்கும்; நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் மக்கிவிடும். அதனால் 1990களில் போட்ஸ்டாமர் பிளாட்ஸ் பகுதியைத் திரும்பக் கட்டியபோது நீர்மட்டத்தை விருப்பம்போல இறக்க வழியில்லை. பக்கத்திலிருந்த டீர்கார்டன் பூங்காவின் மரங்களும் அந்த நீரை நம்பித்தான் இருந்தன.

அவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள ஊற்றுக்கே திரும்பலாம். அடி இல்லாத வாளி ஒன்றை மணலில் அழுத்திச் செருகி, உள்ளே மட்டும் தோண்டினால் பக்கச் சரிவு நின்றுவிடும். ஆனால் அடிவழியே நீர் வரும். வாளியின் விளிம்பு கீழே ஒரு களிமண் படுகையில் போய்ப் பதிந்தால் அதுவும் நின்றுவிடும். இந்த வாளிதான் நீர்த்தடுப்புச் சுவர். இரும்புத் தகடுகளைக் கோத்து அடித்து இறக்கும் ஷீட் பைல், ஒன்றோடொன்று கடித்து நிற்கும் கான்கிரீட் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) வரிசை, டயஃப்ரம் சுவர் என்று அதற்குப் பல வடிவம். சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்கள் டயஃப்ரம் சுவரால் கட்டியவை. குறுகிய அகழியைப் பென்டோனைட் என்ற களிமண் குழம்பால் நிரப்பியபடியே ஆழமாக வெட்டி, அது சரியாமல் இருக்கும்போதே கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். சுவர் முழுதாக நின்ற பிறகுதான் உள்ளே தோண்டுவது.

கைக்கு எட்டும் ஆழத்தில் களிமண்ணோ பாறையோ இல்லையென்றால்? பெர்லினில் பள்ளத்தை நீரால் நிரம்பவே விட்டார்கள். உள்ளும் வெளியும் ஒரே மட்டம், எனவே ஓட்டம் இல்லை, கொதிப்பும் இல்லை. மிதவைகளில் நின்ற இயந்திரங்கள் நீருக்கு அடியிலிருந்து மண்ணை அள்ளின. முத்துக்குளிப்பவர்களுக்கும் கண் தெரியாத அந்தக் கலங்கலில் முக்குளிப்பாளர்கள் இறங்கி வேலை செய்ய, நீருக்கடியிலேயே கான்கிரீட் தளம் போட்டார்கள். அது இறுகிய பிறகுதான் நீரை இறைத்தார்கள். அந்த நகரத்தில் தெருவுக்கு மேலே போகும் இளஞ்சிவப்பு, நீலக் குழாய்களைச் சுற்றுலாப் பயணிகள் கலைப் பொருள் என்று படம் எடுப்பார்கள். பள்ளங்களிலிருந்து நீரைக் கொண்டுபோகும் குழாய்கள் அவை.

சுவர் இருந்தால் மட்டும் போதாது, ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 மார்ச் 3 அன்று நகர வரலாற்று ஆவணக் காப்பகக் கட்டடம் சரிந்தது. பக்கத்து வீட்டில் இருந்த இருவர் இறந்தார்கள். ஆயிரம் ஆண்டுப் பழமையான ஆவணங்கள் வரை சேற்றில் புதைந்தன. முன்னால் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய ஆழப் பள்ளம் இருந்தது. நீதிமன்றம் அமர்த்திய வல்லுநர்கள் காரணத்தை டயஃப்ரம் சுவரில் கண்டார்கள்: அகழி வெட்டும்போது குறுக்கிட்ட கல்லைச் சரியாக அகற்றாததால் ஓரிடத்தில் கான்கிரீட் நிறையாமல் மண்ணே நின்றுவிட்டது. உள்ளே தோண்டித் தோண்டி அந்த ஆழத்தை எட்டியபோது, நீர் அந்த ஓட்டை வழியாக மணலை அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. கட்டடத்துக்கு அடியில் இருந்த நிலம் அப்படியே பள்ளத்துக்குள் போய்விட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி அருகே கட்டுமானப் பள்ளத்தில் இருவர் உயிரிழந்ததை இத்துடன் சேர்த்துப் பேசுகிறார்கள். அங்கே மேலே தேங்கிய வெள்ளமும் பக்கத்து மண் சரிந்ததும் முன்னே நின்றன. பள்ளத்துக்கு மேலிருந்து வரும் நீரைத் தடுப்பது தனி ஏற்பாடு. கிணறும் தடுப்புச் சுவரும் சரியாக இருந்தாலும் அதைத் தனியாகச் செய்தாக வேண்டும்.

மோட்டாரை எப்போது நிறுத்தலாம்?

"ராஃப்ட் போட்டாச்சு, இனி மோட்டார் வாடகை எதுக்கு?" என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. ராஃப்ட் என்பது கட்டடத்துக்கு அடியில் முழுப் பரப்பிலும் போடும் தடித்த கான்கிரீட் தளம். ஒரு மீட்டர் தடிமனுள்ள ராஃப்ட் சதுர மீட்டருக்கு 2.5 டன் எடை. அதன் அடி 8 மீட்டர் ஆழத்தில் இருந்து, மழைக்காலத்தில் நீர் தரைக்கு 1 மீட்டர் கீழே வரை ஏறினால், மேல்நோக்கிய தள்ளல் 7 டன். பேஸ்மென்ட்டின் இரண்டு தளங்களும் தலைக்கு ஒரு டன் என்று சேர்த்தாலும் மொத்தம் 4.5 டன்தான். மேலே இன்னும் மூன்று மாடியாவது வந்தால்தான் அமுங்கி நிற்கும். அதற்குள் நிறுத்தினால் தளம் வெடிக்கும், அல்லது மொத்த அமைப்பும் தூக்கும். மழைக்காலத்தில் காலியாக விட்ட நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி கிளம்பி நிற்பது இதேதான்.

கோடையில் நீர் 5 மீட்டருக்கு இறங்கியிருக்கும்போது தள்ளல் 3 டன்தான். மே மாதத்தில் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது, நவம்பரில் ஆகும். மேலே மாடியே வராத இடங்கள், அதாவது பேஸ்மென்ட்டுக்கு மேல் வெறும் தோட்டமோ வாகன நிறுத்தமோ இருக்கும் பகுதிகள், எத்தனை ஆண்டானாலும் எடை போடாது. அவற்றைக் கீழே பைலாலோ நங்கூரக் கம்பியாலோ கட்டி இழுத்துப்பிடித்தே வைக்க வேண்டும்.

பக்கத்து மனையில் தோண்டத் தொடங்கினால்

வேலை தொடங்கும் முன்பே உங்கள் வீட்டுச் சுவர், தரை, மதில் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல்களைக் குறிப்பாக எடுங்கள். புதியது எது, பழையது எது என்ற சண்டை அங்கேயே முடிந்துவிடும். கிணற்றின் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். கட்டுகிறவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம்: மண் பரிசோதனைத் துளை பள்ளத்தைவிட எவ்வளவு ஆழம் போனது, வெளியே நீர்மட்டத்தை அளக்கக் குழாய் வைத்திருக்கிறார்களா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு. பதில் சொல்லத் தடுமாறினால் கட்டட அனுமதி கொடுத்த அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். வடிகாலில் விழும் நீரை அவ்வப்போது ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். அடியில் மணல் சேர்ந்தால் அதையும் படம் எடுத்து அனுப்புங்கள், அன்றைக்கே.